பொட்டின் மேல் போட்ட பழி

29 செப்டம்பர் 2025, திங்கள்

ஒரகடம் கூட்டுரோட்டில் இன்றும் ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே நின்றுவிட்டது. ஸ்கூட்டியை ஓரமாக உருட்டிக்கொண்டு ஆபீஸ் போய்ச் சேர்ந்தால் அங்கே லோகேஷ் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறான். வல்லம் வடகாலில் இருக்கும் மோட்டார் தொழிற்சாலையில் எல்லா பிரஸ் மெஷினிலும் எங்கள் பெட்டி ஏறிவிட்டதாம். டீம் லீட் என்றால் கேக் வெட்டலாம். என்னைப் போல டெஸ்டிங் எஞ்சினியர் என்றால் அட்டையில் ஒட்டிய க்ரீமைச் சாப்பிடலாம்.

பெருமைப்பட விஷயம் இல்லாமல் இல்லை. முன்பு, தகட்டை அழுத்திப் பாகம் செய்யும் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் மூன்று கணினி. பிரஸ்ஸை ஓட்ட ஒன்று, செய்த பாகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் கேமராவுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று. இப்போது ஒரே பெட்டி. அதற்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின். ஒவ்வொன்றும் முழுக் கணினியும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு ஓடும். நடுவில் எங்கள் மென்பொருள் உட்கார்ந்து மூன்றையும் மேய்க்கும்.

எனக்கு உறுத்துவது வேறு. பிரஸ்ஸின் இரண்டு பக்கமும் சென்சார் தூண்கள் நிற்கின்றன. நடுவே கை போனால் பிரஸ் நிற்க வேண்டும். அதற்கென்று சென்சாரிலிருந்து நேராக பிரஸ்ஸுக்கு ஒரு கம்பி இருந்தது. அதையும் கழற்றி எங்கள் பெட்டி வழியாகவே விட்டாயிற்று. இன்னும் கொஞ்ச நாள் டெஸ்ட் பண்ணலாம் என்றேன். "போட்டுட்டு பாத்துக்கலாம் சசி" என்றான் லோகேஷ். இந்தப் 'பாத்துக்கலாம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

30 செப்டம்பர், செவ்வாய்

நாளை லீவு என்பதால் தொழிற்சாலையில் இன்றே ஆயுத பூஜை. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, மாவிலை, சாமந்திச் சரம். பூமாரி குளித்து ஈரத் தலையோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு லைன் முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். அவள் இந்த லைனில் வேலை செய்பவள், எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருப்பவள். தூத்துக்குடிப் பக்கம். சென்சார் தூணுக்கு ஒன்று, பிரஸ்ஸின் நெற்றிக்கு ஒன்று. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஒங்க பொட்டிக்கும் ஒண்ணு வச்சுருதேன்க்கா. அதுவுந்தான வேல செய்யுது."

பொரி, கடலை, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். நல்ல நாள்.

4 அக்டோபர், சனி

பூமாரியின் கை பிரஸ்ஸில் மாட்டிவிட்டது. வலது கை, இரண்டு விரல்.

5 அக்டோபர், ஞாயிறு

அம்மாவும் நானும் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். விரல்கள் தப்பிவிட்டன. எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். முன்பு போல மடங்குமா என்று கேட்டதற்கு, கம்பியை எடுத்த பிறகுதான் தெரியும் என்றார் டாக்டர்.

பாகம் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. நேராக்கக் கையை விட்டிருக்கிறாள். எல்லோரும் விடுகிறார்கள், சென்சார் நிறுத்திவிடும் என்ற நம்பிக்கை.

"எப்பவும் டக்குனு நிக்கும்க்கா. அன்னைக்கு நிக்கல. கை இருக்கதே தெரியாத மாதிரி எறங்கிட்டு."

வெளியே வராந்தாவில் வசந்தகுமார் சார் நின்றிருந்தார். அந்த லைனின் புரொடக்‌ஷன் மேனேஜர். கையில் ஆப்பிள் பை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார் - எனக்கு!

"நீங்க கவலப்படாதீங்க மேடம். உங்க சிஸ்டத்துல பிரச்சன இல்ல. அந்தப் பொண்ணு சென்சார் மேல சந்தனம், குங்குமம்னு அப்பி வெச்சுக்கீது. அதான் சென்சாருக்குக் கண்ணு தெரியல."

போனில் படம் வேறு காட்டினார். தூணில் இருக்கும் பொட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

வீடு வரும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. அட, சென்சார் எப்படி வேலை செய்கிறது? ஒரு தூணிலிருந்து மறு தூணுக்கு ஒளி போய்க்கொண்டே இருக்கும். கை குறுக்கே வந்தால் ஒளி மறையும், மறைந்தால் பிரஸ் நிற்க வேண்டும். பொட்டு ஒளியை மறைத்திருந்தால் பிரஸ் நின்றிருக்க வேண்டும், ஓடியே இருக்கக் கூடாது! இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். ஒரு மேனேஜருக்குப் புரியாதா? புரிந்துகொள்ள இஷ்டம் இல்லை, அவ்வளவுதான்.

6 அக்டோபர், திங்கள்

லோகேஷிடம் சொன்னேன். நிதானமாகக் கேட்டான். பிறகு காபி மெஷின் பக்கம் கூட்டிப் போனான்.

"சசி, கஸ்டமரே நம்ம மேல தப்பு இல்லங்கறாங்க. நீ எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கற?"

"அது பொய், லோகேஷ்."

"பொய்யா இருந்தா இருக்கட்டும். நம்ம பொய் இல்லயே."

இவனோடு இரண்டு வருஷமாக ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். என் டப்பாவிலிருந்து வத்தக்குழம்பு எடுத்துச் சாப்பிட்ட ஆள். இன்று அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

8 அக்டோபர், புதன்

பூமாரி அறைக்கு வந்துவிட்டாள். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காலை மீட்டிங்கில் வசந்தகுமார் எல்லோர் முன்னாலும் "மெஷின் மேல பொட்டு வெச்ச அலட்சியம்தான் காரணம்" என்றாராம். மற்ற பெண்களிடம் வாளியும் துணியும் கொடுத்து லைன் முழுக்கப் பொட்டை அழிக்க வைத்திருக்கிறார்கள்.

அதோடு விட்டார்களா? அவள் தீட்டு நாளில் பொட்டு வைத்திருப்பாள், அதுதான் சாமி கோபித்துக்கொண்டது என்று லைனில் பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்களும் பெண்கள்தான். ஊருக்குப் போன் வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் மாடிக்குச் சாப்பாடு கொண்டு போனபோது அவளுடைய அம்மா போனில் இருந்தார். ஸ்பீக்கரில் என் காதிலேயே விழுந்தது.

"நெசத்தச் சொல்லுட்டி. அன்னைக்கு நீ சுத்தமாத்தான் இருந்தியா?"

பூமாரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "நான் சுத்தமாத்தான்க்கா இருந்தேன். ஆனா நான் வச்ச பொட்டுதான். சாமி கும்புடப் போயி இப்பிடி ஆயிட்டு."

அவளே நம்பிவிட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கையையும் நசுக்கிவிட்டு, நீதான் காரணம் என்று அவளையே சொல்லவும் வைத்துவிட்டார்கள். இன்னா மனுஷங்க இவங்க! இதுல ஆப்பிள் ஒரு கேடு!

10 அக்டோபர், வெள்ளி

பொட்டு இல்லை என்றால் வேறு என்ன? இரண்டு நாளாக லேபில் சென்சார் நடுவே அட்டையை நீட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நிற்கிறது. நல்ல பிள்ளை மாதிரி. லோகேஷ் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

நிற்கச் சொல்லி சென்சார் அனுப்பும் செய்திக்கு இன்டரப்ட் என்று பெயர். செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு என்னைக் கவனி என்று ப்ராசஸரைத் தட்டிக் கூப்பிடுவது. கை நுழையும் கணத்தில் சென்சார் ஒரு முறை தட்டும். தனிக் கணினியாக இருந்த காலத்தில் அந்தத் தட்டல் நேராகப் போய்ச் சேர்ந்தது. இப்போது முதலில் எங்கள் மென்பொருளுக்குத்தான் கேட்கும். அது வாங்கி, உள்ளே பிரஸ்ஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினிடம் சேர்க்க வேண்டும்.

சேர்க்கிறதா? எப்போதுமா?

13 அக்டோபர், திங்கள்

கிடைத்துவிட்டது. லேபில் இல்லாதது ஒன்று தொழிற்சாலையில் இருந்தது: கேமரா. நாங்கள் டெஸ்ட் பண்ணும்போது கேமராவைப் பூட்டவே இல்லை. 'பாத்துக்கலாம்' கோஷ்டி! இன்று ஸ்டோரிலிருந்து ஒரு கேமராவை எடுத்து மாட்டினேன். காலையில் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு தடவை நிற்கவில்லை. அட்டை உள்ளே இருக்கிறது, பிரஸ் இறங்கலாம் என்று திரை சொல்கிறது. சாப்பாட்டை மறந்து மறுபடி உட்கார்ந்தேன்.

அம்மா செய்கிற வேலையை எங்கள் மென்பொருளுக்குச் செய்யத் தெரியவில்லை. மாடியில் இருப்பவர்களுக்கு வரும் பார்சலை அம்மாதான் வாங்குவாள். நைட் ஷிஃப்ட் முடித்த பெண்கள் தாழ் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்து, தாழ் திறந்ததும் கொடுப்பாள். விர்ச்சுவல் மெஷினும் முக்கியமான வேலையின் நடுவில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு இப்படித் தாழ் போட்டுக்கொள்ளும். அது தப்பில்லை. அந்த நேரத்தில் வரும் இன்டரப்டை நடுவில் இருப்பவர் பத்திரமாக வைத்திருந்து, திறந்ததும் கொடுக்க வேண்டும்.

எங்கள் மென்பொருளின் அலமாரியில் ஒரே ஒரு பார்சலுக்குத்தான் இடம். சென்சாருடைய தட்டல் அங்கே காத்திருக்கும்போது, 'பாகம் சரியாக இருக்கிறது' என்று கேமரா அனுப்பும் தட்டலும் வந்தால், முதலில் வந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு இதை வைத்துக்கொள்கிறது. சென்சாரிடமோ 'கிடைத்தது' என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று. அது மறுபடி தட்டாது. தாழ் திறக்கும் விர்ச்சுவல் மெஷினுக்கு, கை உள்ளே இருப்பது தெரியவே தெரியாது.

'கை இருக்கதே தெரியாத மாதிரி' என்று பூமாரி சொன்னாள் அல்லவா. அப்படியேதான் நடந்திருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "ஒரு பார்சல் வந்தா இன்னொண்ண தூக்கிப் போட்ருமா? நல்லாக்கீதே! மாடில கீறவங்க சும்மா வுடுவாங்களா?" என்றாள்.

14 அக்டோபர், செவ்வாய்

லோகேஷிடம் ஓட்டிக் காட்டினேன். அவனும் பார்த்தான். வெளிறிப் போனான். ஒரு நிமிடம், சரி, மனுஷன்தான் என்று நினைத்தேன்.

பிறகு சொல்கிறான்: "சரி, ஃபிக்ஸ் பண்ணு. தீபாவளி லீவுல லைன் நிக்கும்ல, அப்ப அமைதியா அப்டேட் போட்ருவோம். யாருக்கும் தெரிய வேணாம்."

"அதுவரைக்கும் அந்த மெஷின்ல கை விட்டுக்கிட்டு இருக்கறவங்க?"

"இத்தன நாள்ல ஒரு தடவதான ஆச்சு."

"பூமாரி?"

"அது அவங்க ஹெச்.ஆர். பிரச்சன."

ஒரு தடவைதானாம்! உன் விரலை வை, ஒரு தடவைதான் என்று சொல்லத் தோன்றியது. சொல்லிவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

15 அக்டோபர், புதன்

ஆபீஸுக்குப் போகவில்லை. நேராக வல்லம் வடகால் போனேன். வசந்தகுமார் சாரிடம் ஒரே ஒரு பிரஸ்ஸை எனக்குக் கொடுங்கள் என்றேன். "லோகேஷ் சார் சொல்லலியே" என்று இழுத்தார். லோகேஷுக்குத் தெரியாமல்தான் வந்திருக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவருக்கே பார்க்க ஆசை வந்துவிட்டது.

முதலில் சந்தனத்தைக் குழைத்து, பூமாரி வைத்தது போல் இல்லாமல், சென்சாரின் கண்ணாடி மேலேயே அப்பினேன். "ஓட்டுங்க சார்" என்றேன். ஓடவில்லை. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

"பொட்டு வெச்சா நிக்கும் சார். நீங்க நிக்கலன்னுதான அந்தப் பொண்ணத் தண்டிச்சீங்க?"

துடைத்துவிட்டுக் கேன்டீனிலிருந்து முருங்கைக்காய் வாங்கி வரச் சொன்னேன். விரலுக்குப் பதில் அது. பிரஸ் ஓடும்போது உள்ளே நீட்டினேன். நின்றது. மறுபடி நீட்டினேன். நின்றது. லைனில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். நின்றது, நின்றது. வசந்தகுமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்றைக்கு என்று பார்த்து இது ஒழுங்காக நடந்துகொண்டால் நான் என்ன செய்வேன்? இவர்கள் முன்னால் பூமாரி மேல் இன்னொரு பழியை நானே போட்டதாகிவிடுமே?

பிறகு ஒரு முறை, நான் நீட்டியபடியே இருக்க, பிரஸ் இறங்கியது. காய் நசுங்கி விதை என் சட்டையில் தெறித்தது.

என் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் தன் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். வசந்தகுமார் குனிந்து நசுங்கிய காயைப் பார்த்தார். பிறகு கத்தினார். "லைன ஆஃப் பண்ணு! எல்லா பிரஸ்ஸையும் ஆஃப் பண்ணு!"

16 அக்டோபர், வியாழன்

கஸ்டமரிடம் நேராகப் போனது ஒழுங்கீனமாம். விளக்கம் கேட்டு மெயில். விளக்கமா? எழுதுகிறேன், நன்றாகவே எழுதுகிறேன்.

24 அக்டோபர், வெள்ளி

தீபாவளி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. திருத்தத்தை நான்தான் எழுதினேன். வேறு யாருக்கும் அந்த இடம் தெரியாது என்பதால் என்னை வெளியே அனுப்பவும் முடியவில்லை. இப்போது ஒவ்வொரு இன்டரப்டுக்கும் அலமாரியில் தனி இடம். தாழ் திறந்ததும் சென்சாருடையதுதான் முதலில் போகும். உள்ளே இருப்பவர் வாங்கிக்கொண்டேன் என்று சொல்லும் வரை, வெளியே 'முடிந்தது' என்று சொல்ல மாட்டோம். கேமரா பூட்டி, இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. ஒன்றுகூடத் தவறவில்லை.

பழைய நேர் கம்பியையும் திரும்பப் போட வைத்தேன். மென்பொருள் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தக் கம்பி வேண்டும். இதில் மட்டும் வசந்தகுமார் என் பக்கம் நின்றார். அந்த அளவுக்கு நன்றி.

அப்டேட்டோடு போன குறிப்பில் லோகேஷ் எழுதியிருப்பது: 'செயல்திறன் மேம்படுத்தப்பட்டது.' செயல்திறனாம்! ஒரு பெண்ணின் விரலை நசுக்கியதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர். திருத்தம் செய்தவர் என்ற இடத்திலும் அவன் பெயர்தான். அது போகட்டும், எனக்கு அந்த க்ரீமும் வேண்டாம்.

3 நவம்பர், திங்கள்

ஹெச்.ஆரிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். அம்மா நாற்காலி போட்டாள். மனிதாபிமான அடிப்படையில் பூமாரியை நிர்வாகம் மன்னித்துவிட்டதாம். கை குணமானதும் சேரலாமாம். அதுவரை சம்பளம் உண்டாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் படியில் நின்றிருந்த பூமாரி கேட்டாள்.

"என்னத்துக்கு சார் மன்னிக்கியோ?"

"இல்லமா, அந்தப் பொட்டு விஷயம்..."

"அக்கா எல்லாத்தையும் எனக்குச் சொல்லிட்டாவ. மெஷின் பண்ண தப்புக்கு என்னய மன்னிக்க நீங்க யாரு? எல்லார் முன்னாலயும் நான்தான்னு சொன்னாவல்லா. எல்லார் முன்னாலயும் இல்லன்னு சொல்லட்டும். அப்பறம் வாரேன்."

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பூமாரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வேல போயிருமோக்கா?" என்றாள். போகலாம் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அம்மா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். "கேட்டா பாரு, நல்லா கேட்டா" என்று சமையல்கட்டுக்குள் போகும் வரை சொல்லிக்கொண்டே போனாள்.

7 நவம்பர், வெள்ளி

ஹெச்.ஆர். பக்கம் மூச்சு இல்லை. பூமாரியோடு லைனில் நிற்கும் பெண்கள் சிலர், நேர் கம்பி போட்ட பிறகும், பூமாரி மேல் தப்பில்லை என்று மீட்டிங்கில் சொல்லும் வரை கையை உள்ளே விட மாட்டோம் என்று பாகத்தை ஸ்பேனரால் தட்டித் தட்டி நேராக்குகிறார்களாம். லைன் ஊர்கிறதாம். தீட்டு என்று பேசியவர்களும் இதில் உண்டு. பேசியதற்கு இப்போது கூச்சப்படுகிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அவர்கள் மேல் இன்னும் கோபம்தான், ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

11 நவம்பர், செவ்வாய்

இன்று காலை மீட்டிங்கில் வசந்தகுமார் சொன்னார். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள்; பூமாரியும் நானும் கேட்டுக்கொண்டு நின்றோம். பெரிய பேச்சு எல்லாம் இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் கோளாறு, பூமாரி மீது எந்தத் தவறும் இல்லை, முன்பு தான் சொன்னது தப்பு. கடைசி வாக்கியத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டார், அது போதும். எங்கள் கம்பெனி பெயரை அவர் சொல்லவில்லை. என் ராஜினாமாக் கடிதத்தில் நான் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பூமாரி மாடிப்படியில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, இடது கையில் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, கேட்டுக்கோ. மெஷின்லதான் தப்பாம். மேனேஜரு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு. எம்மேல ஒண்ணும் இல்ல."

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைப் பார்த்தாள்.

பிறகு அவளுடைய அம்மா கேட்டார்.

"கை ரொம்ப வலிக்குதாட்டி?"

ஆஸ்பத்திரியில் அழாதவள், வீட்டுக்கு அனுப்பியபோது அழாதவள், இப்போது கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.